மத்திகிரிக்குத் திரும்பி வருவோருக்கு: ஓசூர்ப் புறநகர் ஒன்றின் நேற்றும் இன்றும்

நெடுங்காலம் வெளிநாட்டில் இருந்துவிட்டு மத்திகிரிக்கு வருகிறவர்களுக்கு வழி கண்டுபிடிப்பது சிரமமில்லை. கையிலுள்ள முகவரிதான் ஊரோடு பொருந்தாது. கூட்ரோட்டில் இறங்கி, பேரூராட்சிக் காலத்துக் கதவு எண்ணைச் சொல்லி விசாரித்தால் புதிதாகக் குடிவந்தவர்கள் கைவிரிப்பார்கள். மத்திகிரி பேரூராட்சி 2011-இல் ஓசூர் நகராட்சியோடு இணைக்கப்பட்டது. மூக்கண்டப்பள்ளி, ஜூஜூவாடி, ஆவலப்பள்ளி, சென்னத்தூர் ஆகியவையும் அப்போதே சேர்ந்தன. 2019-இல் ஓசூர் மாநகராட்சியாயிற்று. பல வீடுகளின் வாயில் தூணில் மங்கிய பழைய எண்ணும் அதன்மேல் அறைந்த புதிய தகடும் சேர்ந்தே இருப்பதால், இரண்டையும் குறித்துக்கொண்டு வருவது நல்லது.

சொத்து விஷயமாக வருபவர்கள் மாவட்டப் பெயரையும் கவனிக்க வேண்டும். இந்தப் பகுதி 1965 வரை சேலம் மாவட்டத்திலும், அதன்பின் தருமபுரி மாவட்டத்திலும், 2004 பிப்ரவரி முதல் கிருஷ்ணகிரி மாவட்டத்திலும் இருந்து வருகிறது. தாத்தாவின் கிரையப் பத்திரம் சேலம் மாவட்டம் என்றும், அப்பாவின் பாகப்பிரிவினைப் பத்திரம் தருமபுரி மாவட்டம் என்றும் சொன்னால் அதில் பிழை ஒன்றுமில்லை. வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறையின் இணையதளத்திலேயே பார்க்கலாம். கணினியில் ஏறாத பழைய ஆண்டுகளுக்கு மட்டும் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுக் கொடுக்க வேண்டும். பட்டா இன்னும் காலமான பெரியவர் பெயரிலேயே இருந்தால், வாரிசுச் சான்றிதழுக்கான வேலையை ஊருக்குப் புறப்படும் முன்பே உறவினர் வழியாகத் தொடங்கிவிடுங்கள். மூன்று வார விடுமுறையில் அது முடியும் என்று நம்பி வருவது வீண்.

இந்த இடம் வளர்ந்த கதை தெரிந்திருந்தால் இன்றைய தெருக்கள் எளிதில் விளங்கும். ஆங்கிலேயர் காலத்தில், 1824-இல் தொடங்கிய கால்நடைப் பண்ணைதான் மத்திகிரிக்கு நெடுங்காலம் அடையாளமாக இருந்தது. ஊரார் இன்றும் அதைக் ‘கேட்டில் பார்ம்’ என்றே சொல்கிறார்கள். அதைச் சுற்றியிருந்தவை ராகியும் அவரையும் விளைந்த சிற்றூர்கள். வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசி, பள்ளியில் தமிழ் படித்த குடும்பங்கள் அங்கே ஏராளம். 1970-களில் அரசின் சிப்காட் தொழிற்பேட்டை வந்து, 1980-ஐ ஒட்டி அசோக் லேலண்டும் டிவிஎஸ்ஸும், பின்னர் டைட்டனும் ஆலைகளைத் திறந்த பிறகு, தருமபுரி, சேலம், வேலூர்ப் பக்கங்களிலிருந்து வேலைக்கு வந்தவர்கள் ஓசூரைச் சுற்றிலும் குடியேறினார்கள். ஹட்கோ என்ற அரசு வீட்டுவசதி நிதி நிறுவனத்தின் பெயரால் வழங்கும் குடியிருப்புகளும், ‘நகர்’ என்று முடியும் மனைப்பிரிவுகளும் எழுந்த காலம் அது. பெங்களூரில் வாடகை ஏறிய பிறகு வந்தவர்கள் மூன்றாவது அலை: அடுக்ககத்தில் குடியிருந்து எல்லை தாண்டி வேலைக்குப் போகிறவர்கள்.

இந்த மூன்று அடுக்குகளையும் ஒரே தெருவில் பார்க்கலாம். நாட்டு ஓடு வேய்ந்த வீட்டின் முன்னால், ஒருகாலத்தில் மாட்டுக் கொட்டகைக்குச் சுவராக நின்ற கருங்கல் பலகை படுக்க வைக்கப்பட்டுத் திண்ணையாகியிருக்கும். எதிரில் ஆலைத் தொழிலாளி கடன் வாங்கிக் கட்டிய மாடி வீடு. அதையடுத்து, காவலாளி நிற்கும் அடுக்ககம். மளிகைக் கடைக்காரர் பெரியவரிடம் தெலுங்கிலும், சரக்கு இறக்குபவரிடம் கன்னடத்திலும், உங்களிடம் தமிழிலும் பேசுவார். இதைக் கேட்டு “தமிழே போய்விட்டது” என்று சிலர் வருந்துவதுண்டு. என் பார்வையில் அது ஊரை அறியாத வருத்தம்; இங்கே தலைமுறைகளாக வழக்கு இதுதான். பழைய பகுதியில் வீட்டை விசாரிக்கும்போது எண்ணை விட்டுவிட்டுத் தாத்தாவின் பெயரைச் சொல்லுங்கள். “யாரு வூட்டுப் பையன்?” என்று கேட்டுவிட்டு வீட்டுவாசல் வரை கொண்டுபோய் விடுவார்கள்.

பயணத்தைப் பற்றிச் சில சொற்கள். பெங்களூரு விமான நிலையம் அந்நகருக்கு வடக்கே தேவனஹள்ளியில் இருப்பதால், நகரம் முழுவதையும் கடந்துதான் தெற்கே ஓசூர் வர வேண்டும். மாலையில் சில்க் போர்டு சந்திப்பு பொறுமையைச் சோதிக்கும். வாடகை வண்டி பேசும்போது மாநில எல்லை வரி அடக்கமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மார்கழி, தை மாதங்களில் குளிர் உறைக்கும். குழந்தைகளுக்குக் கம்பளி உடை தேவை. மாசிக் கடைசியிலோ பங்குனியிலோ வரும் சந்திரசூடேசுவரர் கோயில் தேரோட்டத்தின்போது அறை கிடைப்பது அரிது.

வீடோ மனையோ வாங்கும் எண்ணத்தோடு வருபவர்கள் இன்னும் சற்று நிதானிக்க வேண்டும். 2016 அக்டோபர் 20 வரை மனைகள் விற்றுப் பத்திரம் பதிவான, அங்கீகாரமில்லாத மனைப்பிரிவுகளை முறைப்படுத்தவே 2017-ஆம் ஆண்டின் வரன்முறைத் திட்டம் கொண்டுவரப்பட்டது. ஆகவே வரன்முறை ஆணையின் நகலைப் பார்க்காமல் முன்பணம் தராதீர்கள். வெளிநாட்டில் எழுதிய பொது அதிகார ஆவணம் இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் அதற்குரிய முத்திரைக் கட்டணத்தைச் செலுத்திவிட வேண்டும். இந்தியக் குடியுரிமையோடு வெளிநாட்டில் வாழ்பவர்களும் ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான அட்டை) வைத்திருப்பவர்களும் வீடும் வீட்டுமனையும் வாங்கலாம். விவசாய நிலத்தையும் தோட்டத்தையும் வாங்க முடியாது. ஓசூரைச் சுற்றி ‘பண்ணை வீடு’ என்று விளம்பரம் செய்யப்படும் மனைகளில், நிலம் இன்னும் விவசாய வகைப்பாட்டிலேயே இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். ஓசிஐ அட்டை இல்லாத இலங்கைக் குடிமக்கள் ரிசர்வ் வங்கியின் முன் அனுமதியின்றி எந்த அசையாச் சொத்தும் வாங்க இயலாது. அவர்கள் ஐந்தாண்டுக்கு மேற்படாத குத்தகையில் வீடு எடுத்துத் தங்கலாம்.