கறுப்பு முயலில் ஒளிந்திருக்கும் நீல நிறத்தை ஒரே ஈற்றில் கண்டறிய

கறுப்பு ஆண் முயல் ஒன்று நீலச் சாம்பல் நிறத்துக்கான மரபணுவை மறைத்து வைத்திருக்கிறதா என்று அறிய, அதை இன்னொரு கறுப்பு முயலுடன் சேர்க்காமல், நீலச் சாம்பல் நிறப் பெண் முயலுடன் இணை சேர்த்துப் பாருங்கள். ஏறத்தாழ 31 நாளில் பிறக்கும் குட்டிகளே விடை சொல்லிவிடும். இந்நிறம் ஒடுங்கு பண்பு, அதாவது தாய், தந்தை இருவரிடமிருந்தும் அந்த மரபணு வந்தால்தான் வெளியே தெரியும் பண்பு என்பதால், நீலத் தாய் அந்த மரபணுவை மட்டுமே தர முடியும். தந்தையிடமும் அது இருந்தால், ஒவ்வொரு குட்டியும் நீலமாக அமையப் பாதிக்குப் பாதி வாய்ப்புண்டு. ஒரே ஒரு நீலக் குட்டி வந்தாலும் முடிவு உறுதி. 7 குட்டிகளும் கறுப்பாகவே இருந்தால், மரபணு இருந்தும் வெளிப்படாமல் போயிருக்க 128-இல் 1 வாய்ப்புத்தான். முதல் வாரத்தில் பூமயிர் அரும்பும்போது பகல் வெளிச்சத்தில் பார்த்தால், கறுப்புக் குட்டி மை பூசியதுபோலவும் நீலக் குட்டி சிலேட்டுப் பலகையின் நிறத்திலும் தெரியும். மஞ்சள் விளக்கொளியை நம்ப வேண்டாம்.

செந்நிறக் கண்ணுடைய வெள்ளைக் குட்டிகளைக் கணக்கில் சேர்க்கக் கூடாது, ஏனெனில் அந்த வெண்மை மற்ற எல்லா நிறங்களையும் மூடிவிடும். ஆண் முயலின் பெற்றோரில் ஒன்று நீலம் என்று முன்பே தெரிந்திருந்தால், அதனிடம் அந்த மரபணு நிச்சயம் இருக்கும் என்பதால், இச்சோதனை வீண் வேலை.