இன்செர்ட்டில் எரர் வராத தவறுகள்

பாரிமுனையில் நோட்டுப் புத்தகம் மொத்த வியாபாரம் செய்யும் ஒரு கடைக்குச் சில வருடங்களுக்கு முன் பில்லிங் புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். ஒரு நாள் பெரம்பூருக்குப் போக வேண்டிய சரக்கு பல்லாவரத்தில் போய் இறங்கியது. டிரைவர் மேல் தப்பில்லை, சீட்டில் அப்படித்தான் அச்சாகியிருந்தது. தப்பு என் இன்செர்ட்டில், அதாவது டேட்டாபேஸ் டேபிளில் புதிய வரியை ஏற்றும் எஸ்க்யூஎல் கட்டளையில்.

டேபிளைப் புதிதாக உருவாக்கியபோது டெலிவரி முகவரியை முன்னாலும் பில் முகவரியைப் பின்னாலும் மாற்றி வைத்துவிட்டேன். புரோகிராமோ நெடுவரிசைப் பெயர் எதுவும் சொல்லாமல், 'இன்செர்ட் இன்டூ வாடிக்கையாளர் வேல்யூஸ்' என்று பழைய வரிசையிலேயே மதிப்புகளைத் தள்ளிக்கொண்டிருந்தது. இரண்டுமே எழுத்து வகை, எண்ணிக்கையும் சரி. டேட்டாபேஸ் ஏன் முணுமுணுக்கப் போகிறது? அன்றிலிருந்து டேபிள் பெயரை ஒட்டி (பெயர், பில்_முகவரி, டெலிவரி_முகவரி) என்று எழுதாமல் நான் எதையும் ஓட்டுவதில்லை. பெயர்ப் பட்டியல் இல்லாதபோது ஒரு மதிப்பு குறைந்தால் மைஎஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸ் எரர் தரும். போஸ்ட்கிரஸ் என்ற இன்னொரு டேட்டாபேஸ் அதைக்கூடச் செய்யாது, கொடுத்ததை முதலிலிருந்து நிரப்பிவிட்டு மீதிக்கு டீஃபால்ட்டை (இயல்பு மதிப்பை)ப் போட்டுக்கொள்ளும்.

அடுத்து, போன் நம்பரை எண்ணாக வைப்பது. நம் ஊர் மொபைல் நம்பர் பத்து இலக்கம், 6 முதல் 9 வரை ஏதாவது ஒன்றில் தொடங்கும். சாதாரண இன்ட் என்ற முழு எண் வகையில் ஏறக்கூடிய பெரிய எண் 2147483647. பழைய மைஎஸ்க்யூஎல்லில் ஸ்ட்ரிக்ட் மோடு (பொருந்தாத மதிப்பை ஏற்க மறுக்கும் அமைப்பு) இல்லாமல் ஓட்டினால் வாடிக்கையாளர் அத்தனை பேருக்கும் இந்த ஒரே நம்பர்தான் பதிவாகியிருக்கும். 5.7 பதிப்பிலிருந்து ஸ்ட்ரிக்ட் மோடு இயல்பாகவே இருப்பதால் எரர் வருகிறது, தப்பித்தோம். சரி, இன்னும் பெரிய எண் ஏறும் பிக்இன்ட் போட்டால்? நம்பர் ஏறும், ஆனால் 044-இன் முன்னால் இருக்கும் சைபர் காணாமல் போய்விடும். கூட்டிக் கழிக்கப் போவதில்லை என்றால் அது எழுத்து வகையிலேயே இருக்கட்டும்.

தமிழில் பெயர் ஏற்றும்போது வரும் வம்பு தனி. மைக்ரோசாஃப்ட்டின் எஸ்க்யூஎல் சர்வரில் நெடுவரிசை, எல்லா மொழி எழுத்தும் ஏறும் என்வார்சார் ஆக இருந்தாலும், நேரடியாக எழுதும் மேற்கோளுக்கு முன்னால் ஆங்கில N எழுத்தைப் போட மறந்தால் 'முருகன்' வெறும் கேள்விக்குறிகளாக உட்கார்ந்திருப்பார். அதைத் திரும்ப முருகனாக்க வழியே இல்லை, கையால் மறுபடி அடிக்க வேண்டியதுதான். மைஎஸ்க்யூஎல்லின் பழைய 'யுடிஎஃப்8' எழுத்துக் குறியீட்டு முறை ஓர் எழுத்துக்கு மூன்று பைட்டுதான் தரும். தமிழுக்கு அது போதும், நான்கு பைட் கேட்கும் இமோஜிக்குப் போதாது. வாட்ஸ்அப்பிலிருந்து முகவரியை ஒட்டும்போது கூடவே ஒரு கும்பிடும் வரத்தான் செய்யும், அதனால் 'யுடிஎஃப்8எம்பி4' வைத்துக்கொள்ளுங்கள்.

நீளத்திலும் ஏமாறுவோம். 'ஸ்ரீனிவாசன்' நம் கண்ணுக்கு ஐந்து எழுத்து. யூனிகோடில் பதினொரு குறிகள், யுடிஎஃப்-8இல் 33 பைட். ஆரக்கிள் டேட்டாபேஸில் எழுத்து வகை 'வார்சார்2(20)' என்றால் வேறு ஏதும் சொல்லாதவரை 20 பைட் என்றுதான் பொருள், ஆகவே ஸ்ரீனிவாசனுக்கு உள்ளே இடமில்லை. 20-க்குப் பக்கத்தில் 'சார்' என்று சேர்த்தால் குறிக்கணக்குக்கு மாறிவிடும்.

சாந்தோமிலிருந்து ஒரு டி'சூசா வந்து புரோகிராமைக் கவிழ்த்த கதை பலரிடம் இருக்கும். பெயருக்குள் இருக்கும் ஒற்றை மேற்கோளை எஸ்க்யூஎல் முடிவுக்குறி என்று எடுத்துக்கொள்ளும். 'டி''சூசா' என்று இரட்டித்தால் அன்றைக்குச் சமாளிக்கலாம். ஆனால் அந்த ஓட்டை வழியாகத்தான் வேறொருவர் தன் சொந்தக் கட்டளையை உள்ளே நுழைப்பார். மதிப்புகளைச் சரத்தில் ஒட்டிக் கோக்காமல் பாராமீட்டராக (கட்டளையிலிருந்து பிரித்துத் தனியாக) அனுப்புங்கள், இரண்டும் தீரும்.

தேதிக்கு ஒரே வரி: 05/06 யாருக்கு ஜூன், யாருக்கு மே என்று தெரியாது, 2024-06-05 என்றே எழுதுங்கள்.

அப்புறம் இரட்டைப் பதிவு. நெட் மெதுவாக இருந்தால் கல்லாவில் இருப்பவர் சேவ் பட்டனை இரண்டு தரம் அழுத்துவார், நாமும் அழுத்துவோம். பில் எண்ணுக்கு யூனிக் கட்டுப்பாடு (ஒரே மதிப்பு இரண்டு முறை வரக் கூடாது என்பது) இல்லையென்றால் ஒரே பில் இரண்டு முறை ஏறும். இருப்பதில் பெரிய எண்ணை எடுத்து ஒன்று கூட்டி அடுத்த பில் எண் போடுவதும் இரண்டு கல்லா ஒரே நேரத்தில் ஓடும்வரைதான் தாங்கும். மைஎஸ்க்யூஎல்லில் சிலர் 'இன்செர்ட் இக்னோர்' போட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள். அது இரட்டைப் பதிவை மட்டுமல்ல, வேறு பல எரர்களையும் வெறும் எச்சரிக்கையாக்கி விழுங்கிவிடும். 'ரீபிளேஸ் இன்டூ' அதைவிட மோசம், பழைய வரியை அழித்துவிட்டுப் புதிதாக ஒன்றை எழுதும். அந்த வரியை நம்பி கேஸ்கேடில் (மூல வரி அழிந்தால் சேர்ந்து அழியும் ஏற்பாட்டில்) தொங்கிக்கொண்டிருந்த பாக்கிக் கணக்கும் சேர்ந்து போகும். மைஎஸ்க்யூஎல்லில் 'ஆன் டூப்ளிகேட் கீ அப்டேட்', போஸ்ட்கிரஸில் 'ஆன் கான்ஃபிளிக்ட்' என்று, பழைய வரியை அழிக்காமல் திருத்தும் வழி இருக்கும்போது இந்த வம்பு எதற்கு?

ஆயிரக்கணக்கில் ஏற்ற வேண்டுமென்றால் எல்லாவற்றையும் ஒரே டிரான்சாக்ஷனுக்குள் வையுங்கள்; ஏறினால் எல்லாம் ஏறும், இல்லையென்றால் எதுவும் ஏறாது. பாதியில் கரண்ட் போனாலும், எந்த வரிவரை ஏறியது என்று எண்ணிக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. கமிட் கொடுத்து நிரந்தரமாக்குவதற்கு முன் அதே டேபிளில் ஒரு செலெக்ட் (வரிகளைப் படித்துக் காட்டும் கட்டளை) ஓட்டி நாலு வரியைக் கண்ணால் பார்த்துவிடுங்கள். பல்லாவரம் அந்த நாலு வரியிலேயே தெரிந்திருக்கும்.