பழைய மாணவர்கள் சேர்ந்து பிரஷர், சுகர் முகாம் போடுவது எப்படி

காரைக்குடியில் படித்துவிட்டு சென்னை, சிங்கப்பூர் என்று போனவர்கள் வாட்ஸ்அப் குழுவில் "நம்ம ஊருக்கு ஏதாவது செய்யணும்" என்று ஆரம்பித்தால், அது பெரும்பாலும் ஒரு நாள் மருத்துவ முகாமில் வந்து நிற்கும். பேனர், பொன்னாடை, குரூப் போட்டோ. செய்யுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் தேதி குறிக்கும் முன், சுகர் இருக்கிறது என்று தெரியவரும் ஆளை அடுத்த மாதம் யார் பார்ப்பார்கள் என்பதை முடிவு செய்துகொள்ளுங்கள்.

அதனால் முதலில் போக வேண்டியது அந்த ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு. மாத்திரை அங்கே இலவசம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்தும் கொடுக்கிறார்கள். நீங்கள் கண்டுபிடிக்கும் பெயர்கள் அவர்கள் பதிவேட்டில் ஏற வேண்டும், அவ்வளவுதான் விஷயம். இந்தப் பேச்சுக்குப் பேராசிரியர் ஒருவரை அனுப்புங்கள், கல்லூரி லெட்டர்பேடுக்கு இன்னும் மரியாதை இருக்கிறது. நாட்டு நலப்பணித் திட்டத்தின் ஏழு நாள் முகாமோடு சேர்த்துக்கொண்டால் மாணவர்களும் கிடைப்பார்கள்.

காலை பத்து மணிக்கு முகாம் வைத்தால் கொத்தனார், சித்தாள், வயல் வேலைக்காரர்கள் யாரும் வரமாட்டார்கள். ஞாயிறு அல்லது சாயங்காலம் வையுங்கள். கானாடுகாத்தான், பள்ளத்தூர் பக்கம் பெரிய வீடுகளில் தனியாக இருக்கும் ஆச்சிகள் எந்த நேரம் வைத்தாலும் வரமாட்டார்கள், இரண்டு மாணவிகளை மெஷினோடு வீட்டுக்கே அனுப்ப வேண்டியதுதான்.

பிரஷர் பார்ப்பதில்தான் நிறையக் கோளாறு நடக்கும். வெயிலில் நடந்து வந்தவரை உடனே உட்காரவைத்துப் பட்டையைச் சுற்றினால் எண் எகிறத்தான் செய்யும். ஐந்து நிமிடம் சும்மா உட்காரட்டும், முதுகு சாய்ந்து, கால் தரையில் படும்படி. அரை மணி நேரத்துக்குள் காபி குடித்திருக்கக் கூடாது. பட்டை வெறும் கையில்தான், சட்டைக்கு மேல் வேண்டாம், கை நெஞ்சு மட்டத்தில் இருக்கட்டும். அளக்கும்போது பேச்சுக் கொடுக்காதீர்கள் (நம் ஊரில் இதுதான் கஷ்டம், யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்காமல் விடமாட்டார்கள்). ஒரு நிமிடம் விட்டு மறுபடி பாருங்கள். இரண்டு தடவையும் 140/90 தாண்டினால் சுகாதார நிலையத்துக்குச் சீட்டு எழுதுங்கள். 180/120 தாண்டி நெஞ்சு வலி, மூச்சு முட்டல், ஒரு பக்கம் கை கால் தளர்ச்சி என்றால் சீட்டெல்லாம் வேண்டாம், 108தான்.

விரலில் குத்தி சுகர் பார்ப்பதைப் பயிற்சி உள்ளவர்களிடம் விட்டுவிடுங்கள். ஆளுக்கு ஓர் ஊசி, குத்தியது துளைபடாத டப்பாவுக்குள். எப்போது சாப்பிட்டார் என்பதையும் எழுதாவிட்டால் அந்த எண்ணை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. வெறும் வயிற்றில் 126 வந்தால் கட்டாயம் அனுப்புங்கள், சுகர்தான் என்று உறுதி செய்வது டாக்டர் வேலை.

வெளியூரில் இருப்பவர்கள் பணம் போட்டதோடு ஒதுங்க வேண்டாம். தலைக்குச் சில பெயரை எடுத்துக்கொண்டு மாதம் ஒரு தடவை போன் போட்டு, "ஆச்சி, மாத்திரை போடுறீகளா?" என்று கேளுங்கள். "பிரஷர் இறங்கிருச்சு, நிறுத்திட்டேன்" என்பதுதான் அதிகம் வரும் பதில். மாத்திரை போட்டதால்தான் இறங்கியது என்று பொறுமையாகச் சொல்லி, சுகாதார நிலையச் செவிலியருக்கும் தகவல் கொடுங்கள். அப்புறம், பதிவேட்டைப் போட்டோ எடுத்துக் குழுவில் போடாதீர்கள், யாருக்கு என்ன வியாதி என்பது ஊருக்கெல்லாம் தெரிந்துவிட்டால் அடுத்த முகாமுக்கு ஒருத்தரும் வரமாட்டார்கள்.