வீட்டில் கொப்புளிப்பான் (சின்னம்மை) என்றால் லீவு எழுதும்போது செய்யக்கூடாத பிழைகள்

"ஐயா, சின்னவளுக்குக் கொப்புளிப்பான் போட்டிட்டுது. நான் கந்தோருக்கு வரலாமோ?" யாழ்ப்பாணத்தில் ஓர் அரச அலுவலகத்தின் நிருவாகக் கிளையில் இருந்தபோது அடிக்கடி கேட்ட கேள்வி இது. கேட்பவருக்கு வருத்தம் இல்லை, வருத்தக்காரரோடு ஒரே வீட்டில் இருக்கிறார். இந்த வேறுபாட்டை மறப்பதால்தான் பிழைகள் வருகின்றன.

முதலாவதும் பெரியதும், தனக்கே காய்ச்சல் என்று ஒரு மெடிக்கல் எடுத்து அனுப்புவது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அது பொய்ச் சான்றிதழ். உங்கள் சொந்த லீவும் வீணாகக் கழியும். நாளைக்கு உண்மையிலேயே கொப்புளம் போட்டால் கையில் லீவு இராது. உங்களிடம் இருக்க வேண்டியது சுகாதார வைத்திய அதிகாரியின் கடிதம். பகுதிப் பி.எச்.ஐ.யிடம் (பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம்) சொன்னால் வழி காட்டுவார். எத்தனையாம் திகதி முதல் எத்தனையாம் திகதி வரை வேலைக்குப் போகக்கூடாது என்று அதில் தெளிவாக எழுதுவித்துக்கொள்ளுங்கள். அதை இணைத்துத்தான் விசேட விடுமுறை கோர வேண்டும். விடுமுறை விதிகள் அரச ஊழியருக்கான தாபன விதிக்கோவையின் 12ஆம் அத்தியாயத்தில் உள்ளன. நிருவாகக் கிளையில் கேட்டு ஒருமுறை வாசித்துப் பாருங்கள்.

அடுத்தது நாள் கணக்கு. மூன்று நாள் வீட்டில் நின்றுவிட்டு, "எனக்கு ஒன்றுமில்லை" என்று வந்துவிடுகிறார்கள். கொப்புளிப்பான் தொற்றியவருக்கு அது வெளியே தெரிய 10 முதல் 21 நாள் எடுக்கும். கொப்புளம் தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பே மற்றவருக்குத் தொற்றவும் தொடங்கிவிடும். பக்கத்து மேசையில் ஒரு கர்ப்பிணி இருந்தால் யோசித்துப் பாருங்கள். மறுபுறம், சின்ன வயதில் கொப்புளிப்பான் வந்து மாறியவருக்குப் பெரும்பாலும் பயமில்லை. ஆகவே யார் எத்தனை நாள் நிற்பது என்பதை நாமோ கிளாக்கரோ தீர்மானிக்கக்கூடாது.

வீட்டில் யாருக்கும் டெங்கு என்றால் இந்த லீவைக் கேட்காதீர்கள். அது நுளம்பால் வருவது, பக்கத்தில் இருப்பதால் தொற்றாது. எலிக்காய்ச்சலும் வீட்டில் கூட இருப்பதால் ஒட்டுகிற வருத்தம் அல்ல. 2024 டிசம்பரில் இங்கே அது பரவியபோது பலர் அப்படித்தான் பயந்தார்கள். நோயாளியைப் பராமரிக்க வேண்டுமென்றால் உங்கள் சொந்த லீவைப் போடுங்கள்.

சொல்லாமல் வீட்டில் நிற்பது இன்னொரு பிழை. கடிதம் கிடைக்க இரண்டு நாள் ஆகலாம், சரி. ஆனால் அன்று காலையே போன் எடுத்துச் சொல்லி, எழுத்திலும் அனுப்புங்கள். அறிவிக்காத நாள்கள் நீண்டால் பதவியை விட்டு விலகியதாகக் கடிதம் வரவும் கூடும்.

அப்புறம், தனித்து நிற்கையில் உங்களுக்கே வருத்தம் வந்தால் பழைய கடிதத்தையே நீட்டிக் கேட்காதீர்கள். அன்று முதல் நீங்கள் நோயாளி, அதற்கு மருத்துவச் சான்றிதழ் வேறாக வேண்டும். இரண்டின் பிரதியையும் வீட்டில் ஒரு கோவையில் போட்டு வையுங்கள்.