எவிட்டாவைக் கல்லறையிலிருந்து தொடங்காதீர்கள்: பியூனஸ் அயர்ஸில் இரண்டு நாள் நடை

பியூனஸ் அயர்ஸுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் நேரே ரெக்கோலெத்தா கல்லறைக்குப் போய், கறுப்புக் கல் முன்னால் ஒரு படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். ‘எவிட்டா’ என்று மக்கள் அழைத்த, அர்ஜென்டினா அதிபர் ஹுவான் பெரோனின் மனைவி எவா பெரோனைப் பற்றி அங்கே ஒன்றும் புரியாது. அவர் ஏறிய வரிசையில் நடந்தால்தான், எது நடந்தது, எது பிற்பாடு கட்டப்பட்டது என்று பிரிக்க வரும்.

முதலில் சூபே அட்டை வாங்கிக்கொள்ளுங்கள். சுரங்க ரயில், பேருந்து இரண்டுக்கும் அதுவே. மெட்ரோ நிலையங்களிலும் பெட்டிக்கடைகளிலும் கிடைக்கும். நுழைவுக் கட்டணத்தை எந்தப் பழைய பதிவிலிருந்தும் எடுக்காதீர்கள். அந்த ஊர் விலைவாசிக்குப் போன மாத எண்ணே பழசு. மழைக்காலச் செருப்பு வேண்டாம், நடைபாதைகளில் பெயர்ந்த கற்கள் அதிகம்.

முதல் நாள் சுமார் 5 கி.மீ. நடை. பி தடத்தில் லியாந்த்ரோ அலெம் நிலையத்தில் இறங்கினால் லூனா பார்க் அரங்கம் பக்கத்தில். 1944 ஜனவரி 15 அன்று சான் ஹுவான் நகரை நிலநடுக்கம் தரைமட்டமாக்கியது. நிவாரண நிதிக்காக 22ஆம் தேதி இங்கே நடந்த கலைவிழாவில்தான் 24 வயது வானொலி நடிகை எவா துவார்த்தே, 48 வயது கர்னல் ஹுவான் பெரோனைச் சந்தித்தார். வெளியிலிருந்து பார்த்தால் போதும். இங்கே நினைவில் வைக்க வேண்டியது, அவர் அப்போதே பெயர் தெரிந்த வானொலிக் குரல் என்பது. ஒன்றுமில்லாத பெண்ணைப் பெரோன் தூக்கிவிட்டார் என்ற கதை இந்த வாசலிலேயே பாதி உதிர்ந்துவிடும்.

அங்கிருந்து தெற்கே கால் மணி நேரத்தில் மாயோ சதுக்கம். இளஞ்சிவப்பு மாளிகையான காசா ரோசாதாவின் மாடத்தைக் காட்டி வழிகாட்டிகள் இரண்டு தவறுகள் சொல்வார்கள். ஒன்று, 1945 அக்டோபர் 17 அன்று சிறையிலிருந்த பெரோனை மீட்கத் தொழிலாளர்களைத் திரட்டியது எவிட்டா என்பது. அன்றைக்கு அவருக்குத் தொழிற்சங்கங்களில் அப்படி ஒரு பிடியே கிடையாது. கூட்டத்தைக் கொண்டுவந்தவர்கள் சங்கத்துக்காரர்களும் தொழிற்சாலைப் புறநகர்களும். பெரோன், எவிட்டா திருமணமே அதற்கு ஐந்து நாள் கழித்துத்தான், ஹுனின் ஊரில். இரண்டாவது தவறு, துணை அதிபர் பதவியை அவர் இந்த மாடத்தில் நின்று துறந்தார் என்பது. அது நடந்தது வேறு இடம், வருகிறேன். மாளிகைக்குள் நுழையும் விதிகள் அடிக்கடி மாறும். அதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

சதுக்கத்தின் மேற்கு மூலையில், மாயோ அவென்யூ 575. இன்று பண்பாட்டு மாளிகை. அன்று ‘லா பிரென்சா’ நாளிதழின் அலுவலகம். அரசை விடாமல் விமர்சித்த அந்தப் பத்திரிகையை 1951இல் பெரோன் அரசு பறிமுதல் செய்து, சிஜிடி தொழிற்சங்கக் கூட்டமைப்பிடம் கொடுத்தது. பக்தர்களின் நடைப்பட்டியலில் இந்த முகவரி இருக்காது. நீங்கள் விட்டுவிடாதீர்கள். இந்தப் பக்கத்தைப் பார்க்காவிட்டால், எதிரிகளுக்கு ஏன் அத்தனை ஆத்திரம் என்பது விளங்காது.

இரண்டு நிமிட நடையில் பெரு தெரு 130, நகரச் சட்டமன்றம். அப்போது தொழிலாளர் துறை இங்கே இருந்தது. நாள்தோறும் மணிக்கணக்கில் வரிசையில் வந்தவர்களை எவிட்டா இங்கேதான் பார்த்தார்: ஒருத்திக்குத் தையல் இயந்திரம், ஒருவருக்கு வீடு, ஒரு பிள்ளைக்கு மருத்துவமனைப் படுக்கை. 1952 ஜூலை 26 அன்று 33 வயதில் கருப்பை வாய்ப் புற்றுநோயால் இறந்தபோது, உடலை மக்கள் பார்வைக்கு வைத்ததும் இதே கட்டடத்தில்தான். இரண்டு வாரம் வரிசை நகர்ந்துகொண்டே இருந்தது.

இப்போது பாசியோ கோலோன் சாலையில் தெற்கே எட்டுத் தெரு. எண் 850, பெரிய தூண்கள் வைத்த கட்டடம், இன்று பொறியியல் கல்லூரி. இது எவா பெரோன் அறக்கட்டளைக்காகக் கட்டப்பட்டது. எல்லோரும் தூண்களைப் படம் எடுப்பார்கள். நீங்கள் சாலையின் எதிர்ப்பக்கம் போய் நின்று தூண்களுக்கு மேலே பாருங்கள். அங்கே இத்தாலியச் சிற்பி லியோனே தொம்மாசியின் பளிங்குச் சிலைகள் நின்றன. பெரோனைக் கவிழ்த்த 1955 ராணுவப் புரட்சிக்குப் பிறகு அவை இறக்கப்பட்டு, உடைக்கப்பட்டு, ரியாச்சுவேலோ ஆற்றில் வீசப்பட்டன. அறக்கட்டளைக்குப் பணம் வந்த வழியும் சர்ச்சைக்குரியதுதான்: சங்கங்கள் வழியாகத் தொழிலாளர்களிடம் பிடித்த கூலி, கம்பெனிகளின் ‘நன்கொடை’. அந்த நன்கொடை எவ்வளவு மனமுவந்தது என்பதில் இன்றும் சண்டை ஓயவில்லை. ஆனால் அந்தப் பணத்தில் மருத்துவமனைகளும் முதியோர் இல்லங்களும் மாணவர் குடியிருப்புகளும் எழுந்தன என்பதை எதிரிகளும் மறுப்பதில்லை.

அடுத்த தெருவில், அசோபார்தோ 802, சிஜிடி தலைமையகம். ஸ்பானிய மருத்துவர் பெத்ரோ ஆரா பதப்படுத்திய உடல் 1955 வரை இங்கே இருந்தது. பிறகு ராணுவம் தூக்கிச் சென்று ஒளித்து ஒளித்து வைத்து, 1957இல் மிலான் நகரக் கல்லறையில் ‘மரியா மாஜி’ என்ற பொய்ப் பெயரில் புதைத்தது. 1956இன் 4161ஆம் எண் ஆணைப்படி, பெரோன், எவிட்டா பெயர்களை உச்சரிப்பதே குற்றம். செத்தவளின் பெயருக்குத் தடை போட்டால் என்ன ஆகும்? வீட்டுக்குள் படம், படத்தின் முன் மெழுகுவர்த்தி.

நடையை ஜூலை 9 அவென்யூவில் முடியுங்கள். சி தடத்தின் மோரேனோ நிலையத்துக்குப் பக்கத்து உயரக் கட்டடத்தில், 2011இல் பொருத்திய இரண்டு இரும்பு எவிட்டாக்கள். ஏழைப் புறநகர்ப் பக்கமான தெற்கைப் பார்ப்பவர் சிரிக்கிறார். வசதியான வடக்கைப் பார்ப்பவர் ஒலிவாங்கி முன் சீறுகிறார். ஒரு பக்கம் மட்டும் பார்த்துவிட்டுப் போனால் பாதிதான் பார்த்தீர்கள். இரவு விளக்கை நம்பிப் போகாதீர்கள், ஆட்சி மாறியபோது அது அணைந்து கிடந்ததும் உண்டு. 1951 ஆகஸ்ட் 22 அன்று துணை அதிபர் வேட்பாளராக நிற்கச் சொல்லி லட்சக்கணக்கானவர்கள் கூடியது இந்தச் சாலையில்தான். அவகாசம் கேட்டார் எவிட்டா. கூட்டம் ‘இப்போதே, இப்போதே’ என்று விடவில்லை. ஒன்பது நாள் கழித்து வானொலியில் துறப்பை அறிவித்தார். ராணுவத்தின் எதிர்ப்பு ஒருபுறம், நோய் ஒருபுறம்.

இரண்டாம் நாள் திங்கட்கிழமையாக இருக்கக் கூடாது, அருங்காட்சியகம் மூடியிருக்கும். டி தடத்தில் பிளாசா இத்தாலியா, அங்கிருந்து பத்து நிமிடத்தில் லாஃபினூர் 2988, எவிட்டா அருங்காட்சியகம். கைவிடப்பட்ட தாய்மாருக்கும் பிள்ளைகளுக்கும் 1948இல் அறக்கட்டளை திறந்த தற்காலிக இல்லம் இது. ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். உடைகளிலேயே நேரத்தைக் கரைக்காமல் பெண்கள் வாக்குரிமைப் பகுதிக்குப் போங்கள். அந்த உரிமையைத் தந்த 13,010ஆம் சட்டம் 1947 செப்டம்பரில் வந்தது. அவர் மட்டுமே வாங்கித் தந்தார் என்று காட்சி சொல்லும். அதற்கு முன் பல பத்தாண்டுகள் சோசலிஸ்ட் பெண்கள் போராடியிருக்கிறார்கள். ஆனால் 1951 தேர்தலில் மருத்துவமனைப் படுக்கையிலிருந்தே எவிட்டா வாக்களித்ததும், 23 பெண்கள் கீழவைக்கும் 6 பேர் மேலவைக்கும் போனதும் உண்மை. அத்தனை பேரும் அவர் கட்சி.

பிறந்த தேதியையும் கவனியுங்கள். 1919 மே 7 என்பதே சரி. திருமணப் பத்திரங்களுக்காக 1922, ஹுனின் என்று மாற்றி எழுதினார்கள். மணமாகாத தாய்க்குப் பிறந்தவள் என்பதை மறைக்க. பழைய நூல்களில் இந்த 1922 இன்னும் நடமாடுகிறது.

மதியம் தேசிய நூலகம். அவர் உயிர்விட்ட அதிபர் இல்லம் நின்ற நிலம் அது. நினைவிடம் ஆகிவிடுமோ என்று மாளிகையையே இடித்துவிட்டார்கள்.

கடைசியாக ரெக்கோலெத்தா, மூடுவதற்குக் குறைந்தது ஒரு மணி நேரம் முன்பு. ‘பெரோன்’ என்று தேடினால் கிடைக்காது. வாசகம் ‘ஃபமீலியா துவார்த்தே’, அதாவது துவார்த்தே குடும்பம். குறுகிய சந்து, கறுப்புக் கல், வெண்கலப் பட்டயங்கள், கதவுக் கம்பியில் யாராவது செருகிய பூ. 1976 முதல் இங்கே இருக்கிறார். ‘திரும்பி வருவேன், லட்சோபலட்சமாக வருவேன்’ என்பதை எவிட்டா சொன்னதாகக் குறிப்பெடுக்காதீர்கள்; அவர் உரை எதிலும் அது இல்லை. ‘எனக்காக அழாதே அர்ஜென்டினா’ லண்டன் இசை நாடகத்தின் வரி. பக்கத்தில் நிற்பவரிடம் அவர் நல்லவரா கெட்டவரா என்று கேட்காதீர்கள். ‘கொரில்லா’ என்ற சொல் காதில் விழுந்தால் குரங்கைத் தேட வேண்டாம், பெரோன் எதிர்ப்பாளருக்கு அங்கே அதுதான் வசைப்பெயர்.

மூன்றாம் நாள் மிச்சமிருந்தால், சான் விசென்தே. 2006 முதல் பெரோனின் உடல் அங்கிருக்கும் அவரது பண்ணை வீட்டில். திறந்திருக்குமா என்று முன்பே விசாரித்துவிட்டுப் போங்கள். ரியாச்சுவேலோவிலிருந்து மீட்ட சிலைகளில் சில அந்தத் தோட்டத்தில் நிற்கின்றன, தலையில்லாமல்.