பென்னிகுவிக்கைத் தேடுவது எப்படி?

எங்கள் கம்பம் பக்கம் பென்னிகுவிக் பிறந்தநாளுக்குப் பொங்கல் வைப்பார்கள். ஆனால் முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய அவர் ராணுவ இன்ஜினியர் என்றால் பல பேர் ஆச்சரியப்படுகிறார்கள். இப்படிப்பட்ட ஒருவரைப் பழைய ஆவணங்களில் தேடுவதென்றால், முதலில் வேலைக்குச் சேர்ந்த ஆண்டைப் பாருங்கள். 1862இல் மதராஸ் இன்ஜினியர்ஸ் படையின் அதிகாரிகளை பிரிட்டிஷ் ராணுவத்தின் ராயல் இன்ஜினியர்ஸோடு சேர்த்துவிட்டார்கள். அதற்கு முன் வேலைக்கு வந்தவர் என்றால், கம்பெனிக் காலத்துக் கேடட் (பயிற்சி அதிகாரி) மனுக்கள் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் இருக்கும். 1841இல் புனேயில் பிறந்த பென்னிகுவிக், இங்கிலாந்தில் கம்பெனியின் ராணுவக் கல்லூரியான அடிஸ்கோம்பில் படித்தவர். அங்கிருந்தே தொடங்கலாம்.

ராணுவக் கோப்போடு நின்றுவிடாதீர்கள். இவர்களில் பலர் பொதுப்பணித் துறையில்தான் காலம் தள்ளினார்கள். அணை 1887 முதல் 1895 வரை கட்டப்பட்டது. அந்த வருடங்களின் பொதுப்பணித் துறை அரசாணைகளை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் கேளுங்கள். சும்மா ‘பெரியாறு பற்றி ஏதாவது’ என்று கேட்டால் நடக்காது. முதலில் வருடாந்திர அட்டவணையில் ஆணை எண்ணும் தேதியும் குறித்துக்கொள்ளுங்கள், அப்புறம் சீட்டு எழுதுங்கள். பதவி மாறிக்கொண்டே இருக்கும், கேப்டன், மேஜர், கர்னல் எல்லாம் ஒரே ஆள்தான்.

மண் சுமந்த சாப்பர்களின், அதாவது இன்ஜினியர் படைச் சிப்பாய்களின் பெயர் கிடைப்பதுதான் கஷ்டம். போருக்குப் போனவர்கள் என்றால் பதக்கப் பட்டியல்களைப் பாருங்கள்.