பாமிர் நெடுஞ்சாலையில் சைக்கிள்: முதல் முறை போகிறவர்கள் திட்டம் போடுவது எப்படி

தஜிகிஸ்தான் தலைநகர் துஷான்பேயிலிருந்து கிர்கிஸ்தானின் ஓஷ் நகரம் வரை பாமிர் நெடுஞ்சாலை, அதாவது எம்41 சாலை, சுமார் 1,250 கிலோமீட்டர். அதை நாளைக்கு இத்தனை கிலோமீட்டர் என்று வகுத்து அட்டவணை போட்டுக்கொண்டு கிளம்புகிறவர்கள்தான் அதிகம். கோரோக் ஊரைத் தாண்டியதும் அந்த அட்டவணை எதற்கும் உதவாது. ராத்திரி எந்த உயரத்தில் படுக்கிறோம் என்பதை வைத்துத்தான் இந்தப் பயணத்துக்குக் கணக்குப் போட வேண்டும்.

பஞ்சர் ஒட்டுவது, சைக்கிளை அட்டைப்பெட்டியில் கட்டுவது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். இரண்டே விஷயம். தஜிகிஸ்தான் விசா தவிர கோர்னோ-படக்‌ஷான் பகுதிக்கு (பாமிர் மலைப்பகுதி இதற்குள்தான்) தனி அனுமதி வேண்டும், விசாவோடு சேர்த்தே வாங்கிவிடுங்கள். தஜிகிஸ்தானுக்கும் கிர்கிஸ்தானுக்கும் நடுவே உள்ள கிசில்-ஆர்ட் எல்லையைக் கடக்கும் விதிகள் அடிக்கடி மாறுகின்றன. அன்றைய நிலவரத்தைக் கேட்டுக்கொண்டு அப்புறம் விமான டிக்கெட் போடுங்கள்.

படி 1: எந்தப் பக்கமிருந்து தொடங்குவது

துஷான்பே பக்கமிருந்துதான். ஓஷ் 1,000 மீட்டருக்கும் கீழே இருக்கிறது. அங்கிருந்து 185 கிலோமீட்டரில் சாரி-தாஷ், 3,170 மீட்டர். அடுத்து கிசில்-ஆர்ட் கணவாய் 4,280, இறங்கினால் கராகுல் 3,900. நன்றாக மிதிக்கிறவர் நாலைந்து நாளில் வந்துவிடலாம். கால் தாங்கும், தலை தாங்காது: உடல் பழகுமுன் வேகமாக உயரம் ஏறினால் உயர நோய் வரும். துஷான்பேயில் தொடங்கினால் பஞ்ச் ஆற்றை ஒட்டி, மறுகரையில் ஆப்கானிஸ்தானைப் பார்த்துக்கொண்டே மெதுவாக ஏறுவீர்கள். துஷான்பேயிலிருந்து போகும் இரண்டு பாதைகளில் வடக்குப் பாதையில் வரும் 3,252 மீட்டர் காபுராபோத் கணவாய் நல்ல ஒத்திகை.

படி 2: இரவு உயரங்களை எழுதுங்கள்

மலை மருத்துவர்கள் சொல்லும் விதி எளிது: 3,000 மீட்டருக்கு மேல் போனபின், படுக்கும் உயரத்தை ஒரு ராத்திரிக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதீர்கள், மூன்று நாலு நாளுக்கு ஒரு முறை அதே உயரத்தில் இன்னொரு ராத்திரி தங்குங்கள். பகலில் எவ்வளவு உயரம் வேண்டுமானாலும் ஏறி இறங்கலாம், கணக்கில் வருவது படுக்கை மட்டும்.

கோரோக் (2,100) முதல் நான் போடும் கணக்கு இது. கோரோக்கில் இரண்டு ராத்திரி. வயிறார சாப்பிட்டு, ரொக்கமும் எடுத்துக்கொள்ளுங்கள், இதற்கப்புறம் ஏடிஎம்மை நம்ப வேண்டாம். குந்த் பள்ளத்தாக்கில் 2,600 வாக்கில் ஒன்று, 3,000 வாக்கில் ஒன்று. பிறகு வெந்நீர் ஊற்று இருக்கும் ஜெலாண்டியில் (சுமார் 3,500) இரண்டு. கோரோக்கிலிருந்து ஜெலாண்டி 120 கிலோமீட்டர்தான், தார் சாலை வேறு. ஒன்றரை நாளில் போய்விடலாமே என்று கை பரபரக்கும். அங்கேதான் பலர் கோட்டைவிடுகிறார்கள்.

படி 3: கொய்தேஸெக் கணவாய்க்கு முன் ஒரு முடிவு

நம் ஆட்கள் லடாக் அனுபவத்தை வைத்துப் பேசுவார்கள்: "தலை வலித்தால் கீழே இறங்கிவிட வேண்டியதுதானே?" பாமிரில் அது நடக்காது என்பது எனக்கே வரைபடத்தில் சாலையின் உயரத்தைக் காட்டும் கோட்டைப் பார்த்தபோதுதான் உறைத்தது. 4,271 மீட்டர் கொய்தேஸெக்கைத் தாண்டினால் கிடைப்பது மேட்டுநிலம். அலிச்சூர், முர்காப், கராகுல் என்று முன்னூறு கிலோமீட்டருக்கும் மேல் சாலை ஏறக்குறைய 3,600 மீட்டருக்குக் கீழே வருவதே இல்லை. இதற்கு நடுவில் 4,655 மீட்டர் அக்-பைத்தால் கணவாய் வேறு.

ஆகவே ஜெலாண்டியில் இரண்டாம் நாள் காலையில் சோதித்துப் பாருங்கள். தலைவலி, குமட்டல், சாப்பாடு இறங்காமை இருந்தால் இன்னொரு நாள் தங்குங்கள். சரியாகாவிட்டால் கோரோக்குக்கு இறங்குங்கள், அங்கே 2,100 தான். தரையில் கோடு கிழித்து, குதிகாலும் விரலும் ஒட்ட அதன்மேல் நடந்து பாருங்கள். தள்ளாடினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ காத்திருக்காதீர்கள், கிடைத்த வண்டியில் உடனே இறங்க வேண்டும். மேட்டுநிலத்தில் இப்படி ஆனால் வண்டி பிடித்து மணிக்கணக்காகப் போனால்தான் தாழ்வான இடம் வரும்.

உயர நோயைத் தடுக்க எடுக்கும் டயாமாக்ஸ் மாத்திரை பற்றி டாக்டரிடம் ஊரிலேயே கேளுங்கள், சல்ஃபா ஒவ்வாமை இருந்தால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். விரல் நுனி மரமரத்து, சோடா சப்பென்று ஆனால் பயப்படாதீர்கள், அது மாத்திரையின் வேலை.

படி 4: அடுப்பும் சோறும்

கேஸ் டப்பாவை விமானத்தில் ஏற்ற முடியாது, பாமிரில் கிடைப்பதும் நிச்சயமில்லை. பெட்ரோல் அடுப்புதான் என் கட்சி. அங்கே கிடைக்கும் பெட்ரோல் புகை கக்கும், ஜெட் (எரிபொருள் வெளிவரும் சின்னத் துளை) அடைத்துக்கொள்ளும், துளை குத்தும் ஊசி இரண்டு வைத்திருங்கள்.

4,000 மீட்டரில் தண்ணீர் 87 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும். பானை தளதளவென்று கொதிக்கும், உள்ளே துவரம்பருப்பு கல்லாகவே கிடக்கும். புழுங்கலரிசியும் அப்படித்தான், மேலே குழைந்து நடுவில் நறுக்கென்று இருக்கும். பருப்பை ஊரிலேயே வைத்துவிட்டு அவல் எடுத்துப் போங்கள். வெந்நீர் ஊற்றி மூடி, ஐந்து நிமிடத்தில் புளிக்காய்ச்சல் கலந்தால் முடிந்தது. சேமியாவும் பரவாயில்லை.

படி 5: சைக்கிள்

இரண்டு அங்குலத்துக்குக் குறையாத டயர். முன்னால் 22 பல், பின்னால் 36 பல் என்ற அளவுக்கு லேசான கியர், அதைவிட லேசாகக் கிடைத்தாலும் வேண்டாம் என்று சொல்லாதீர்கள். கேரியர் இரும்பில் இருக்கட்டும். அலுமினியம் முறிந்தால் வழியில் பற்றவைக்க ஆள் கிடைப்பது கஷ்டம், இரும்பை லாரி பட்டறையிலேயே ஒட்டித் தருவார்கள். தார் போய் வரிவரியாகச் சாலை வரும் இடங்களில் கேரியர் போல்ட்டுகள் தாமாகக் கழன்றுகொள்ளும். தினமும் சாயங்காலம், டென்ட் போடுவதற்கு முன், ஒவ்வொன்றையும் ஆலன் கீயால் தொட்டுப் பாருங்கள்.

பிற்சேர்க்கை

தண்ணீர் வடிகட்டியைப் பற்றி ஏன் எழுதவில்லை என்று சிலர் கேட்டார்கள். கராகுல் ஏரித் தண்ணீர் உப்பு, எந்த வடிகட்டியும் உதவாது, ஊருக்குள் கேட்டு வாங்குங்கள். ஓடைத் தண்ணீருக்கு நுண்குழல் வடிகட்டி போதும், ஆனால் ஆகஸ்டிலும் ராத்திரி பூஜ்யத்துக்குக் கீழே போகும். ஈரத்தோடு உறைந்தால் உள்ளிருக்கும் குழல்கள் வெடித்துவிடும், வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது, தண்ணீரும் வழக்கம்போல வரும். தூங்கும்போது பையில் போட்டுக் கட்டி, தூக்கப்பைக்குள் கால்மாட்டில் வைத்துக்கொள்ளுங்கள். வெளியே மறந்து வைத்துவிட்டால் அதை நம்பாதீர்கள். அதன்பின் எல்லாத் தண்ணீரையும் மூன்று நிமிடம் கொதிக்க வைத்துக் குடியுங்கள். பருப்பை வேகவைக்காத அந்தச் சூடு கிருமியைக் கொல்லப் போதும்.